விளையாட்டரங்கத்துக்கு வந்த ஒரே மனு

எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் போன வாரம் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நகராட்சி உள்விளையாட்டரங்கத்தின் குத்தகையை நீட்டிக்கப் போகிறார்களாம், பொதுமக்கள் கருத்துச் சொல்ல வேண்டுமாம். கீழே ஒரு க்யூஆர் கோடு. அதைச் செல்பேசியில் பிடித்தால் பெயர் கேட்கிறது, வார்டு கேட்கிறது, ஆமா இல்லையா என்று கேட்கிறது, பிறகு நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறது. பாமாயிலுக்கு நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் படித்தேன்.

நகராட்சியின் மன்றப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இந்த மாதிரித் தாள்களை எழுதி ஒட்ட அனுப்பியவள் நான். ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே அரங்கத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாமா என்று ஊரைக் கேட்டபோது குறிப்பெழுத உட்கார்ந்திருந்தவளும் நான்தான். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு மனு. இரண்டாவது ஒன்றும் வந்திருக்க வேண்டியது. வராமல் போனதற்குக் காரணம் யாரென்று எனக்குத் தெரியும்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நகர்மன்றம் கூடுகிறது, கவுன்சிலர்கள் சத்தம் போடுகிறார்கள், கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேறுகிறது. அந்தச் சத்தத்தை நான்கு வரியாக்கி எழுதுவது மன்றப் பிரிவின் வேலை. பெரிய ஒப்பந்தம் என்றால் அதற்கு முன்னால் ஊரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கும் குறிப்பெழுத வேண்டும். மல்லசமுத்திரத்திலிருந்து பரீட்சை எழுதி வேலைக்கு வந்த எனக்கு முதல் மூன்று வருடம் தபால் பதிவேட்டைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. அப்புறம் நடராஜன் சார் எங்கள் கண்காணிப்பாளராக வந்தார்.

அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் ‘ங்க’ சேர்க்காமல் பேசினால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். வந்த ஒரு மாதத்தில் இதைப் புரிந்துகொண்டு, மனிதர் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட ஆரம்பித்தார். ஆபீசுக்குள் நுழைந்த மாட்டைக்கூட “போங்க, வெளிய போங்க” என்று விரட்டினார். எங்களால் சிரிப்பை அடக்க முடியாது. அவருக்கும் அது தெரியும், ஆனாலும் விடவில்லை. எங்களிடம் மட்டும் ஆத்தூர்ப் பேச்சுத்தான்.

வெளியூர்க்காரர் என்பதாலோ என்னவோ, எங்களுக்குக் கண்ணில் படாத ஒன்று அவருக்குப் பட்டது. எங்கள் பக்கத்து ஜனம் சபையில் எதிர்த்துப் பேசாது. பயம் மட்டுமே காரணமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் ஒருத்தருக்கு முதலாளியாக இருப்பார், இன்னொருத்தருக்கு மாமனாக இருப்பார். அவர் ஒன்று சொன்ன பிறகு நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசினால் அது கருத்தல்ல, அவமரியாதை. அதனால் மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்து, டீ குடித்து, நாற்காலியை அடுக்கும்போது ஒவ்வொருத்தராக வாசல் பக்கம் ஒதுங்கி, “ஒரு வார்த்தைங்க” என்று ஆரம்பிப்பார்கள். ஊரின் உண்மையான கருத்து அங்கேதான் வரும். வருகிற ஆணையர்கள் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் டீ வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.

நடராஜன் சார் இதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். கூட்ட அறிவிப்பின் கடைசியில், அன்று மாலை ஐந்து மணி வரை எழுத்து மூலமாகவும் கருத்துத் தரலாம் என்று ஒரு வரி சேர்ப்பார். கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு மேசையைப் போட்டு எங்களில் ஒருவரை உட்கார வைப்பார். யார் வந்து எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்க வேண்டும், நடுவில் பேசக் கூடாது. முடித்ததும், “எழுதிக்கலாமுங்களா?” என்று கேட்க வேண்டும். சரி என்றால் மனுவாக எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாமென்றால் நல்லதுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, கேட்டதை மறந்துவிட வேண்டும். பெயரோடு எழுத்தில் வந்த மனுவை மன்றத்தின் முன் வைக்காமல் தீர்மானம் போட முடியாது. அது ஒரே ஒரு மனுவாக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த முறையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரு தப்பைச் செய்த பிறகுதான். வாரச்சந்தையை ஊருக்கு வெளியே மாற்றுவது பற்றிக் கூட்டம் நடந்தது. வெங்காயக் கடை ஆறுமுகம் வாசலில் வந்து, புது இடத்தில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும், சந்தைக் குத்தகைக்காரரின் சௌகரியத்துக்குத்தான் மாற்றுகிறார்கள் என்று கொட்டிவிட்டுப் போனார். அவ்வளவும் நியாயம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவரைக் கேட்காமலேயே பெயர் போட்டுக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். மன்றத்தில் அதை வாசித்தார்கள். அடுத்த சந்தையில் ஆறுமுகம் வழக்கமாகக் கடை போடும் இடத்தில் வேறொருவர் தக்காளி குவித்திருந்தார். ஆறுமுகத்துக்குக் கிடைத்தது சாக்கடை ஓரம்.

விஷயம் தெரிந்ததும் நடராஜன் சார் என்னைத் திட்டவில்லை. ஆபீஸ் முடிந்ததும், “வாம்மா” என்று மட்டும் சொல்லி ஆறுமுகம் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே போய் வாசலில் நின்றபடியே, “தப்பு என்னுதுங்க. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நானுங்க” என்றார். ஆறுமுகம் பதறிப்போய், “உடுங்க சாமி, ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க” என்று பாயை விரித்தார். அவர் மனைவி மட்டும் உள்ளேயே இருந்தார், எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை. தராதது சரிதான்.

“அவர கேட்டியா?” என்றார் சார், திரும்பி வரும் வழியில்.

“இல்ல சார்.”

“கேட்டிருக்கணும்மா.”

அவ்வளவுதான். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் ஒரு பெயரைக்கூட எழுதியதில்லை. பாடம் படித்துவிட்டோம் என்ற கர்வமும் சேர்ந்தே வந்துவிட்டது. அது எங்கே கொண்டுபோய் விட்டதென்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

நடராஜன் சார் ஓய்வு பெற்று, அவர் நாற்காலிக்கு நானே வந்து, பல வருடம் கழித்து இந்த விளையாட்டரங்கம் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நகராட்சியின் திறந்த மைதானம் ஒன்று இருந்தது. காலையில் நடைப்பயிற்சி, பகலில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகள் நிறுத்துமிடம், சாயங்காலம் பெண்கள் கபடி. எங்கள் நகராட்சிப் பள்ளிப் பெண்கள் மட்டுமல்ல, படிப்பை முடித்துவிட்டுத் தறிக்கும் நூல் மில்லுக்கும் போகிற பெண்களும் வேலை விட்டு வந்து ஆடுவார்கள். ஒரு தனியார் கம்பெனி அந்த இடத்தில் கூரை போட்ட அரங்கம் கட்டி, ஏழு வருடம் நடத்தி, உள்ளே வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். கட்டடம் கடைசியில் நகராட்சிக்கே சேரும். நல்ல திட்டம்தான். தீர்மானத்துக்கு முன்னால் சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம்.

முன்வரிசையில் நடுநாயகமாக வையாபுரி உட்கார்ந்திருந்தார். அறுபது தறி ஓடுகிற பட்டறைக்காரர். மேடையில் ஆணையர் பக்கத்தில் இருந்த நகர்மன்றத் தலைவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். ஆணையர் திட்டத்தை விளக்கி முடித்ததும் வையாபுரி எழுந்து, “ஊருக்கு நல்லதுங்க, செய்யுங்க” என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்தார். அப்புறம் யார் பேசுவார்கள்? பின்னால் சுவரோரம் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அவர் பட்டறையில் வேலை செய்பவர்கள். ஆணையர் மூன்று தரம் “வேற யாராச்சும்?” என்று கேட்டார். ஆட்சேபணை ஏதுமில்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

நான் வழக்கப்படி வாசலில் மேசையைப் போட்டேன். முதலில் வந்தவர் பாப்பாத்தி, வையாபுரி பட்டறையில் தறி ஓட்டுபவர். மகள் ரம்யா அப்போது பிளஸ் டூ, கபடியில் மாவட்ட அணி வரை போனவள். மாநில அணிக்கு எடுத்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு வருடம் முழுக்கத் தினம் ஆட வேண்டும்.

“ஒரு வார்த்தைங்க அம்மிணி. கூரை போடுங்க, வேண்டாங்கல. ஆனா தெனமும் காசு கட்டி ஆடறதுக்கு நாங்க எங்கீங்க போறது? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எங்க புள்ளைங்கள சும்மா ஆட உடோணுங்க.”

“எழுதிக்கலாமுங்களா?”

“எழுதிக்கோங்க. என்ர பேரு மட்டும் வேண்டாமுங்க.”

பெயரில்லாவிட்டால் அது மனுவாகாது என்று சொன்னேன். பெயரோடு எழுதினால் மன்றத்தில் வாசிப்பார்கள், வையாபுரி காதுக்குப் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆறுமுகத்துக்கு நடந்ததையும் சொன்னேன்.

“வேலை போயிருச்சுன்னா சோத்துக்கே வழியில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தி போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவள் நான்.

நாலு மணிக்கு ஆபீசுக்கே திரும்ப வந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார், தலையெல்லாம் பஞ்சு.

“எழுதுங்க” என்றார்.

“ரோசன பண்ணிட்டீங்களா?”

“பண்ணுனா கால் திரும்பிப் போயிருமுங்க. எழுதுங்க.”

எழுதினேன். நகராட்சிப் பள்ளி மாணவியர் நாள்தோறும் மாலை இரண்டு மணி நேரம் கட்டணமின்றிப் பயிற்சி செய்ய அனுமதி கோருகிறேன் என்று, மன்றத்தில் எடுபடுகிற மாதிரி, நல்ல பாஷையில் எழுதினேன். படித்தும் காட்டினேன். பாப்பாத்தி “சரிங்க” என்று, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தப் பெண்மணியைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அப்படியெல்லாம் செய்ய முடியாதே.

அவர் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் புல்லட் வந்து நின்றது. வையாபுரி. என் கை தானாகப் பாப்பாத்தியின் மனுவை எடுத்துப் பதிவேட்டுக்குள் செருகியது.

“ஏனுங்க, எல்லாம் முடிஞ்சுதுங்களா?” என்றபடி எதிரே உட்கார்ந்தார். யார் யார் வந்தார்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தைங்க. மேடையில எங்க மாப்பளய வெச்சுக்கிட்டு எதையும் பேச முடியாதுங்க, தங்கச்சி ஊட்டுல பொல்லாப்பாயிரும். இந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கி எல்லார்த்தையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவானுங்க. புள்ளைங்க ஆடறதுக்கு ஏதாச்சும் வழி வெக்கோணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கன்னு மட்டும் வெச்சறாதீங்க. நம்ம பட்டறையில வேலைக்கு வர்ற புள்ளைங்களும் அங்கதான் ஆடுதுங்க.”

நான் நடுவில் பேசாமல் கேட்டேன். அதுவரை நடராஜன் சார் சொன்னபடிதான். அவர் முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒரே வார்த்தை. ஆனால் என் மனசெல்லாம் பதிவேட்டுக்குள் இருந்த தாளில் இருந்தது. எழுதப் பதிவேட்டைத் திறந்தால் பாப்பாத்தி பெயர் தெரிந்துவிடும். தவிரவும், இவராவது மச்சானுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவதாவது என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

“சொல்றேனுங்க” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “அப்ப வாரேனுங்க” என்று எழுந்து போனார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஐந்து அடித்ததும் பதிவேட்டில் ‘எழுத்து மூலம் பெறப்பட்ட மனு: ஒன்று’ என்று எழுதிக் கோடு போட்டேன்.

ஆணையர் அந்த மனுவைப் பார்த்து, “யாரும் பேசலையேம்மா, இது எங்கிருந்து வந்தது?” என்றார். அறிவிப்பின் கடைசி வரியைக் காட்டினேன். மன்றத்தில் வாசித்தார்கள். நகராட்சிப் பள்ளிப் பெண்கள் என்றால் யார் மறுப்பார்கள்? கம்பெனியும் ஒப்புக்கொண்டது. மனுவில் நான் எழுதியிருந்த வாசகம் அப்படியே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக ஏறியது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய வரி ஒன்று சட்டமானது அந்த ஒரு தரம்தான். பெருமையில் ஜலகண்டாபுரத்தில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் போட்டு வாசித்தே காட்டினேன்.

பாப்பாத்திக்கு வேலை போகவில்லை. அவரே வந்து சொன்னார்: “ரெண்டு நாளு பயந்துக்கிட்டே போனேனுங்க. மூணாம் நாளு மொதலாளி தறிக்கிட்ட வந்து நின்னாருங்க. எனக்கு உசுரே இல்ல. நூலு அந்து கெடக்குது பாருன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க.” இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அரங்கம் கட்டித் திறப்பதற்குள் ரம்யா பிளஸ் டூ முடித்துவிட்டாள். அந்த வருடம் மாநில அணித் தேர்வில் இடம் கிடைக்கவில்லை, இன்னொரு வருடம் ஆடிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். திறந்த மறு வாரம் நான் பேருந்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். அரங்க வாசலில் காவலாளி ரம்யாவை நிறுத்தி வைத்திருந்தார். பள்ளி அடையாள அட்டை கேட்கிறார். அவளிடம் இல்லை. அவளுக்குப் பின்னால் தறிக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் விளையாட்டு உடுப்போடு நின்றார்கள். பள்ளிப் பெண்கள் மட்டும் உள்ளே ஓடினார்கள். பக்கத்தில் பாப்பாத்தி.

நான் போய் விதியைக் காவலாளிக்கு விளக்கலாம் என்று தொடங்கினேன். விளக்க என்ன இருக்கிறது? விதியை எழுதியதே நான்.

“நான் எங்க புள்ளைங்கன்னுதானுங்க சொன்னேன்” என்றார் பாப்பாத்தி. சத்தம் போடவில்லை. “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கன்னு நீங்கதானுங்க எழுதுனீங்க. படிக்கறப்ப எனக்கு அது பெருசாத் தெரியலீங்க. கையெழுத்துப் போடற பயத்துல காதுல எங்கீங்க ஏறுது?”

ரம்யா என்னைப் பார்த்து, “பரவால்லீங்க மேடம்” என்றாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கொஞ்ச நாள் பஸ் பிடித்து மல்லசமுத்திரம் போய் ஆடினாள், அப்புறம் அதுவும் நின்றது. இப்போது திருச்செங்கோட்டில் ரிக் சாமான் விற்கிற கடையில் கணக்குப் பார்க்கிறாள். மாநில அணியும் இல்லை, காலேஜும் இல்லை.

நான் எத்தனையோ முறை அந்த நாலே முக்கால் மணியை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று மட்டும் வைக்காதீர்கள் என்று ஒரு மனிதர் என் எதிரே உட்கார்ந்து சொன்னார். என் தப்பைத் திருத்தத் தேவையான அதே வார்த்தை. அதை எழுதிக்கொள்ளலாமா என்று நான் கேட்கவே இல்லை. ஆறுமுகத்தைக் கேட்காமல் எழுதினேன். வையாபுரியைக் கேட்காமல் எழுதாமல் விட்டேன். ஒரே தப்பைத்தான் இரண்டு தரம் செய்திருக்கிறேன், இரண்டாவது தரம் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு. ரேஷன் கடைத் தாளைப் படித்த அன்று மன்றப் பிரிவுக்குப் போன் செய்து, எழுத்து மூலம் மனு வாங்குவீர்களா என்று கேட்டேன். “வாங்குவோம் மேடம். ஆனா யாரும் குடுக்கறதில்ல” என்றார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், படிக்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும், தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் காசில்லாமல் ஆட வேண்டும் என்று எழுதினேன். நல்ல பாஷையெல்லாம் இல்லை. பாப்பாத்தி வீட்டுக்குப் போய் மூன்று தரம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ரம்யாவும் கேட்டாள், மாற்றச் சொல்லவில்லை. பாப்பாத்தி முதலில் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன். இப்போது எனக்குத் தடையில்லை, பென்ஷன்காரி.

“இதை உங்க மொதலாளிகிட்டயும் கொண்டுபோகலாமுங்களா?” என்று பாப்பாத்தியைக் கேட்டேன். “போங்க” என்றார்.

வையாபுரிக்கு வயதாகிவிட்டது. புல்லட் போய் ஸ்கூட்டர் வந்திருந்தது. பட்டறை முகப்பில் உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழவில்லை, தாளையே நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். முதல் கையெழுத்தைப் பார்த்தார், தறிகள் ஓடும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவர் அருகே குனிந்து, கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

“உங்க பேரையும் எழுதிக்கலாமுங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஏழு வருசமாச்சுங்களா அம்மிணி? அன்னைக்கி நீங்க கேப்பீங்கன்னுதானுங்க அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்.”

பேனா மூடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.